இருபத்தொன்றாம் நாளில் முட்டு எடுத்தல்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றால் நடக்கத் தொடங்கிவிடுவேன். அடுத்த நிறுத்தத்தை அடைவதற்குள் பஸ் என்னைக் கடந்து போய்விடும். தேநீர் ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வது அன்றாட வழக்கம். இப்படிப்பட்ட நான் இருபது வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அழைப்பிதழில் ‘பழைய கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்து’ என்று போட்டிருக்கும். உள்ளே விஷயம் பொறுமைதான்.

மறுவிசாரணைக் கடிதத்தில் நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி. பழைய தபால் நிலையத்தில் நான்கு வருடத்துக்கு முன் இடிந்து விழுந்த வளைவிலிருந்து எடுத்ததாக அன்றைய விசாரணைக் குழு அனுப்பிய மாதிரியில் சிமென்ட் இருந்தது. அதே வளைவைக் கட்டியவரின் வாளியில் ஒட்டியிருந்த சாந்தில் சிமென்ட் துளிகூட இல்லை. இது எப்படி? அரைப் பக்கத்தில் பதில் எழுதினால் போதும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நான் எதையும் அரைப் பக்கத்தில் எழுதியவன் இல்லை. என் கையேட்டைப் புரட்டியவர்கள் இதற்குச் சாட்சி.

முதலில் சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதிக்கும். கொதித்து அடங்கியதும் வெண்ணெய் மாதிரிக் குழைந்துவிடும். அதை மணலோடு சேர்த்து அரைத்தால் சாந்து. அது காய்ந்து கெட்டியாவதில்லை. காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் திரும்பவும் கல்லாகிறது. அதற்கு மாதங்கள் ஆகும். மழைக்காலமாக இருந்தால் இன்னும் கூடும். சிமென்ட் அப்படியில்லை, என்னைப் போல அவசரக்காரன். பழைய செங்கல் சுவரில் சிமென்ட்டைப் பூசினால் சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்றுவிடும். இதெல்லாம் உண்மை. நான் சொன்னவற்றில் பெரும்பகுதி உண்மைதான். பொய் மொத்தத்தில் ஒரு டப்பா அளவுதான் இருக்கும்.

வளைவைக் கட்டியவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். சிமென்ட்டில் பிறந்து சிமென்ட்டில் வளர்ந்த கொத்தனார். அவருக்குக் கீழே ஏழு பேர் வேலை செய்தார்கள். என் கல்யாணத்தன்றே என் தொழில் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

“சுண்ணாம்புல கட்டினா எப்ப காயும் மாப்பிள்ளை?”

“காயாது மச்சான். இறுகும்.”

“சரி, எப்ப இறுகும்?”

“ஆற அமர.”

“அதுக்குள்ள வீட்டுக்காரனுக்குப் பேரன் பிறந்து அவனும் வாடகைக்குப் போயிடுவான்.”

அவரை மாற்றுவதற்கு எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. கடைசியில் மாற்றியது என் பேச்சு அல்ல. அவரே எப்போதோ சிமென்ட் பூசிய ஒரு பழைய பள்ளிச் சுவரைப் பெயர்த்துக் காட்டினேன். பூச்சு பலகை மாதிரி முழுசாகக் கையோடு வந்தது. பின்னால் இருந்த செங்கல்லை அவர் விரலால் தொட்டார். நனைந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். “எத்தனை சுவரை இப்படிக் கெடுத்திருப்பேன், கணக்கே இல்லை மாப்பிள்ளை,” என்றார். அதற்கப்புறம் தான் பூசிய பழைய சுவர்களைத் தேடித் தேடிப் போய்த் தன் செலவிலேயே பெயர்த்துச் சுண்ணாம்பு பூசிக் கொடுத்தார். ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு இப்படி ஒரு சீடர் கிடைப்பது பெருமை. கொஞ்சம் சங்கடமும்கூட. அந்தச் சங்கடத்துக்குக் காரணம் உண்டு.

அவர் மாறியதற்கு இரண்டு வருடம் முன்பு, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் எங்கள் துறை அலுவலகத்தின் பின்புறம் முதல் பயிற்சி முகாமை நடத்தினேன். வந்தவர்கள் பதினெட்டுக் கொத்தனார்கள். அனுமதி இருபத்தொரு நாளுக்கு. இந்த எண் சுண்ணாம்பின் வேதியியலிலிருந்து வந்தது என்று பிற்காலத்தில் பலர் விளக்கம் கொடுத்தார்கள். ஒருவர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். உண்மையில் அது விடுதி அறைகள் காலியாக இருந்த நாட்களின் எண்ணிக்கை. இருபத்திரண்டாம் நாள் கணக்குப் பிரிவுக்காரர்களுக்கு அறை வேண்டியிருந்தது.

கடைசி நாளன்று ஒரு செங்கல் வளைவின் அடியில் இருக்கும் மர முட்டுகளை எடுத்துக் காட்டுவதாக மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வளைவு தன் காலில் நிற்க வேண்டும். அதற்கு முன் நானே தனியாக ஒரு வளைவு கட்டி, இருபத்தொரு நாள் ஈரச் சாக்குப் போட்டு வைத்து, முட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒழுங்காகச் செய்கிறவன் அப்படித்தான் செய்வான். அது அரை மணி நேரம் நின்றது. பிறகு களைத்துப்போன மாடு படுப்பது போல மெதுவாக முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. செங்கல்களைப் புரட்டினேன். இடுக்கில் இருந்த சாந்து உள்ளே இன்னும் வெண்ணெய்தான்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது எளிது. மேலதிகாரியிடம் போய், “இருபத்தொரு நாள் போதாது, மூன்று மாதம் வேண்டும்,” என்று சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். சிமென்ட் கம்பெனிக்காரர்கள்தான் சிரித்திருப்பார்கள். நான் சிரிப்புக்குப் பயப்படுகிறவன். இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம், இப்போது பழகிவிட்டது.

வெள்ளைச் சிமென்ட் என்று ஒன்று உண்டு. குளியலறை ஓடுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கை அடைப்பதற்கு. பார்வைக்குச் சுண்ணாம்பும் அதுவும் அண்ணன் தம்பி. ஊருக்கு வெளியே ஒரு ஓட்டுக் கடையில் வாங்கினேன். ஒரு கலவைக்கு ஒரு பால் பவுடர் டப்பா. பயிற்சிக்காரர்கள் எழுந்து வருவதற்கு முன், விடியற்காலையில் நானே கலந்துவிடுவேன். வளைவு நின்றது. முட்டுகளை எடுத்ததும் நான் போய் அதன் அடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் கையேட்டின் அட்டை.

முதல் தடவைதான் அவசரத்துக்கு. அப்புறம் வழக்கமாகிவிட்டது. பதினோரு முகாம்கள். ஓட்டுக் கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்: “சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல மொத்தம் எத்தனை பாத்ரூம்?” கூட்டுக் குடும்பம் என்றேன். அவர் முகத்தில் ஒரு பரிதாபம் தெரிந்தது.

கையேட்டில் இரண்டு விதிகளைச் சேர்த்தேன். முப்பத்தொன்றாம் பக்கம்: சாந்தைத் தலைமைக் கொத்தனார் விடியற்காலையில், பிறர் கண் படாமல், தனியாகக் கலக்க வேண்டும். காலைக் குளிர்ச்சி, மனம் ஒருமுகப்படுதல் என்று காரணங்களும் எழுதினேன். டப்பாவை மறைக்க வந்த விதி அது என்று எழுத முடியாதல்லவா? அறுபத்து நான்காம் பக்கம்: இருபத்தொன்றாம் நாள் முட்டு எடுக்கும்போது கட்டியவரே வளைவின் அடியில் நிற்க வேண்டும், தன் வேலையின் மேல் நம்பிக்கை இல்லாதவர் சுண்ணாம்பைத் தொட வேண்டாம். இது படத்துக்காக வந்த விதி. கொத்தனார்களுக்கு இந்த வரி ரொம்பப் பிடித்துப்போனது. சிலர் தாங்கள் சாந்து பூசும் கரணையின் பிடியில் செதுக்கி வைத்திருந்தார்கள்.

என் விதியைப் பின்பற்றிய மற்றவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று கேட்பீர்கள். பெரும்பாலானவர்கள் என் புத்தகத்தைப் பாராட்டினார்களே தவிர, பின்பற்றவில்லை. ஒருத்தர் முட்டுகளை எடுக்க மறந்தார். இன்னொருத்தருக்கு மரம் கிடைக்காமல் இரும்பு முட்டுப் போட்டு, அது ஆறு மாதம் துருப்பிடித்து அங்கேயே நின்றது. சிலர், எனக்குச் சந்தேகம், தாங்களாகவே ஒரு டப்பாவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எழுதியதை எழுதியபடி, கூட்டாமல் குறைக்காமல், சுத்தமான சுண்ணாம்பில் செய்து பார்த்தவர் ஒரே ஒருவர்தான்.

தபால் நிலைய நடைகூடத்தில் ஒன்பது வளைவுகள். மூன்றை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். வேலையை மச்சானுக்குச் சிபாரிசு செய்தவன் நான். அந்த மாதம் விடாமல் தூறல். சுவர்களில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. விடியற்காலையில் எழுந்துபோய்த் தனியாகச் சாந்து கலந்தார். யாரையும் கிட்டே விடவில்லை. அவர் மனைவிகூட ஒருநாள் சலித்துக்கொண்டாளாம்: “சாந்து கலக்கறீங்களா, சாமி கும்பிடறீங்களா?” இருபத்தொன்றாம் நாள், வியாழக்கிழமை, எனக்கு வேறொரு ஊரில் பேச்சு. தலைப்பு, ‘பதறாத காரியம் சிதறாது’. முதல் வளைவின் முட்டுகளை ஏழு பேரும் சேர்ந்து எடுத்தார்கள். மச்சான் அடியில் போய் நின்றார். மேலே பார்த்து, “நிக்குதுடா,” என்றாராம். கால் மணி நேரம் அங்கேயே நின்றார், விதியில் எவ்வளவு நேரம் என்று நான் எழுதாததால். அதுதான் என் புத்தகத்தில் அவர் கண்ட ஒரே குறை.

அவர் சந்தேகப்பட்டு என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். மனிதர் கேட்கவில்லை, என்ன செய்வது.

விசாரணைக் குழுவில் ஐந்து பேர். சுண்ணாம்பு தெரிந்தவன் நான் ஒருவன். உறவுக்காரன் குழுவில் இருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். “இவரை மாதிரி நேர்மையானவர் உறவு பார்க்க மாட்டார்,” என்று தலைவர் சொல்லிவிட்டார். இடிபாட்டிலிருந்து மாதிரி எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எடுத்தேன், பையில் போட்டேன், சீட்டு ஒட்டினேன். அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் சுத்தமான, இறுகாத சுண்ணாம்பு என்று வரும். அப்படியானால் தப்பு இருபத்தொரு நாளின் மேல். வீட்டில் என் மேசை மேல் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கட்டி வைத்திருந்தேன். என் முதல் முகாம் வளைவின் துண்டு, ஞாபகார்த்தம். பையில் இருந்ததைக் கொட்டிவிட்டு அதை உடைத்துப் போட்டேன். இரண்டு நிமிட வேலை.

“மேசை மேல இருந்த கல்லு எங்க?” என்று மனைவி கேட்டாள்.

“உதிர்ந்துபோச்சு.”

“உங்க சுண்ணாம்பா உதிர்ந்துச்சு?” என்றாள். அண்ணனை இழந்து பத்து நாள்கூட ஆகவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவதற்காக அந்தக் கேலி.

ஆய்வுக்கூடம் சிமென்ட் இருக்கிறது என்றது. சாந்தைத் தனியாகக் கலந்தவர் மச்சான். பக்கத்தில் இருந்து பார்த்த சாட்சி யாரும் இல்லை. சுண்ணாம்பில் சிமென்ட்டைக் கலந்தால் ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் மாவாகவும் நின்று, பாரம் சமமாக இறங்காமல் வளைவு முறியக்கூடும் என்று அறிக்கையில் நாலு பக்கம் எழுதினேன். அந்த நாலு பக்கத்தைத் தனியாகப் படித்தால் ஒரு வரிகூடப் பொய் இல்லை. என் எழுத்தில் அதுதான் சிறந்தது என்று பலர் சொன்னார்கள். எங்கள் தொழிலில் கொலைகாரனை மன்னித்துவிடுவார்கள், சாந்தில் சிமென்ட் போட்டவனை மன்னிக்க மாட்டார்கள். இந்த மனப்பான்மையை வளர்த்ததில் எனக்குப் பங்கு உண்டு. அந்த ஏழு பேரையும் அப்புறம் எந்தப் பழைய கட்டடத்துக்குள்ளும் யாரும் விடவில்லை.

மனைவி அறிக்கையைப் படித்தாள். ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, “எங்க அண்ணன் உங்க பேரைக் கெடுத்துட்டாரு. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்,” என்றாள். நான் மன்னித்தேன். வேறு என்ன செய்வது என்று அப்போது தோன்றவில்லை. மச்சான் படத்தைக் கூடத்தில் மாட்டலாமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். நானே வற்புறுத்தினேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அவள் பிடிவாதக்காரி.

பிறகு நான் பேசிய கூட்டங்களில் எல்லாம் தபால் நிலைய வளைவை உதாரணமாகக் காட்டினேன். பேராசைக்கும் அவசரத்துக்கும் உதாரணம். உறவுமுறையைச் சொல்ல மாட்டேன். நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது. நாலு வருடத்தில் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல எனக்கே அவர் மேல் கோபம் வர ஆரம்பித்தது.

இனி வாளி. மச்சான் மனைவி என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள். கல்யாணமான புதிதில் சல்லடையில் சுண்ணாம்பு சலிக்கவும் கற்றுக்கொண்டவள். சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி உள்ளே போய்விட்டாள்; இருவருக்கும் பேச்சு இல்லை.

“அண்ணா, அவர் வாளி அன்னிக்கு வந்த மாதிரியே பின்கட்டுல கிடக்கு. அடியில சாந்து ஒட்டியிருக்கு. அதைச் சோதிச்சா தெரியும்ல?”

“எதுக்கும்மா இப்ப? கழுவி வெச்சிடு. சுண்ணாம்பு கையை அரிக்கும்.”

“நாலு வருஷம் ஆன சுண்ணாம்பு அரிக்காதுண்ணா. கல்லாயிருக்கும். நீங்கதானே புத்தகத்துல எழுதியிருக்கீங்க?”

எந்தப் பக்கம் என்றுகூடச் சொன்னாள். பிறகு, “எனக்கு ஒண்ணும் வேணாம். அவர் சிமென்ட் போடலைன்னு ஒரே ஒரு வரி, துறையில இருந்து கையெழுத்துப் போட்டு வந்தாப் போதும். பசங்க கல்யாணப் பத்திரிகையில அப்பா பேருக்குப் பக்கத்துல கொத்தனார்னு போடணும்,” என்றாள். அந்த ஒரு வரியை அன்றே எழுதித் தந்திருக்கலாம். எந்த ஆய்வுக்கூடம் நல்லது என்றும் கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் காத்திருக்கவில்லை, தானே ஒன்றைக் கண்டுபிடித்து வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

ஆகவே அந்த வரி இதோ. அவர் சிமென்ட் போடவில்லை. போட்டவன் நான், வேறொரு வளைவில், பதினாறு வருடத்துக்கு முன். பையில் இருந்தது அந்த வளைவு. அவர் போட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பார் என்பதால் இதில் அவருக்கும் ஒரு சிறு பொறுப்பு உண்டு என்று சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன். தூக்கம் வந்துவிடும்.

இங்கே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தேன். இணைப்புகளைப் படிக்காமல் பதில் எழுதுவது என் வழக்கம். உறையில் போடும்போதுதான் உங்கள் கடிதத்தின் இரண்டாம் இணைப்பைப் பார்த்தேன். மச்சானின் கைப்பேசியிலிருந்து அந்த வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு என் எண்ணுக்கு வந்த அழைப்பு. நேரம்: பதினொரு நிமிடம். இது உங்களிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனவே மேலே ஓரிடத்தில் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அவர் கேட்டார்.

கரணை முனையை இடுக்கில் விட்டுப் பார்த்ததாகவும் உள்ளே வெண்ணெய் மாதிரி இருப்பதாகவும் சொன்னார். எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் சொன்னார். நான் தூறலைப் பற்றிப் பேசினேன். இன்னும் ஒரு மாதம் முட்டு இருக்கட்டுமா என்றார். சாயங்காலம் வரப்போகிற அதிகாரிகளுக்குப் புத்தகத்தில் உள்ளபடி காட்டுவதாகச் சொல்லிவிட்டேன் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, “மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். உங்க வளைவுல வேற எதாவது போட்டீங்களா? போட்டிருந்தா சொல்லிடுங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். முட்டுகளை மட்டும் அப்படியே விட்டுடறேன்,” என்றார்.

வாசலில் கார் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

“பொறுமையைப் போட்டேன் மச்சான்,” என்றேன்.

அவர் சிரித்தார். “அப்ப சரி. நான்தான் வீணா சந்தேகப்பட்டுட்டேன். எட்டு மணிக்கு எடுத்துடறேன்.”

முட்டு எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாயைத் தவிர அதைப் பார்த்திருந்தவன் நான் ஒருவன்தான். அடியில் யார் நிற்பார் என்பதும் தெரியும், எழுதியவனே நான். காரில் ஏறினேன். எட்டு மணிக்கு நான் இன்னும் வழியில்தான் இருந்தேன், கைப்பேசி கையில் இருந்தது.

இதை வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பதினொரு நிமிடத்தில் ஒன்பது நிமிடம் பேசியது அவர்தான் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.